கவிழ்க்காத தோணி

மாலை ஏழு மணி. ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரம். வெயில் இறங்கிவிட்டது, வெளிச்சம் மட்டும் போக மனமில்லாமல் மரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, தேவதாரு மரங்களுக்குள் புகுந்து போகும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் ஒரு தோணி நடந்து வருகிறது…

ஆம், நடந்துதான் வருகிறது. கவிழ்த்த தோணிக்குக் கீழே இரண்டு கால்கள், சேறு பூசிய இரண்டு ரப்பர் காலணிகள். வெளியே தெரிவது அவ்வளவுதான். முகம் தெரியாது.

நெருங்கி உட்காருங்கள். புகை கண்ணில் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். பொழுது சாயும் நேரத்தில் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: மற்றத் தோணிகளையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிவப்புத் தோணியை மட்டும் ஏன் தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று. நல்ல கேள்வி. அதற்கு விடை இந்தக் கதையின் கடைசியில் இருக்கிறது. நடுவில் யாரும் எழுந்து போகாமல் இருந்தால் சொல்கிறேன்.

இது என் நண்பர் ஓஸ்மோவின் அக்காளுக்கு நேர்ந்தது. ஓஸ்மோவுக்கு அக்காள்மார் இருவர். மூத்தவள் இர்யா, மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். இளையவள் ஹில்கா, தண்டர் பே நகரில் பேருந்து ஓட்டியவள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு சிவப்புத் தோணி. ஆண்டுதோறும் பனி உருகி ஏரிகள் கண்ணைத் திறந்ததும் இருவரும் புறப்பட்டுவிடுவார்கள். மீன் பிடிக்க அல்ல, வேட்டைக்கும் அல்ல. பார்ப்பதற்கு. வெறுமனே பார்ப்பதற்கு. செடிகொடிகளும் பூச்சிகளும் இர்யாவின் பங்கு. பறவைகள் ஹில்காவின் பங்கு.

தோணியில் இர்யா பின்பலகையில் அமர்வாள், ஹில்கா முன்பலகையில். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் தோணி ஆடும். ஆகவே முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் குரலைத்தான் ஹில்காவுக்குத் தெரியுமே தவிர, அத்தனை ஆண்டுகளில் தண்ணீரின் மேல் அக்காளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

“இடப்பக்கம், காஞ்ச மரம், மீன்கொத்தி,” என்பாள் ஹில்கா.

“ஆம்பளையா, பொம்பளையா?” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

“வயித்துல துருப்பிடிச்ச மாதிரி ஒரு பட்டை இருக்கு. பொம்பளைதான்.”

“அப்ப சரி. சமைக்கிற வேலை இல்லாத பொம்பளை, நல்லா இருக்கட்டும்.”

இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கங்களில் துடுப்புப் போடுவார்கள். கை சலிக்கும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து இர்யா “மாத்து” என்று ஒரு சொல் சொல்வாள். இருவரும் துடுப்பைப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, ஹில்காவின் தோள் அதை அவள் காதுக்கு முன்பே கேட்கப் பழகியிருந்தது.

இங்கே ஒரு பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இலை கிடையாது, பச்சை கிடையாது; மெழுகில் செய்தது போல வெளுத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மக்கிய இலைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கும். பிணப்பூ என்பார்கள். விரல் பட்ட இடம் சற்று நேரத்தில் கறுத்துவிடும். அதனாலேயே யாரும் அதைத் தொடுவதில்லை. இர்யா தொடுவாள். கூட்டத்தில் ஏதாவது ஒரு பூவின் தாடையை மட்டும் கட்டைவிரலால் நிமிர்த்தி, முகத்தைப் பார்த்துவிட்டு விடுவாள்.

“கறுத்துப் போகும்னு தெரிஞ்சும் தொடறியே, கொலைகாரி,” என்பாள் ஹில்கா.

அதற்கு இர்யா ஒரு கதை வைத்திருந்தாள். உலகம் புதிதாக இருந்தபோது சூரியன் செடிகளுக்கெல்லாம் பச்சைச் சாயம் கொடுத்ததாம். எல்லாச் செடிகளும் ஓடின. இந்தப் பூ மட்டும் பாதையில் நின்றுவிட்டது. தோழி ஒருத்தி பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தாளாம். தோழி வரவில்லை. சாயமும் தீர்ந்துபோயிற்று. அன்றுமுதல் அது வெளுத்தபடியே, தலை குனிந்தபடியே, அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது.

“அதான் மூஞ்சியத் தூக்கி விடறேன். யாரோ வந்துட்டாங்கன்னு ஒரு நிமிஷமாவது நெனச்சுக்கட்டும்,” என்பாள் இர்யா.

கதை நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஹில்காவுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

முழங்கை ஏரிக்கும் கெண்டி ஏரிக்கும் நடுவே ஒரு சுமைவழி உண்டு. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை தோணியைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து போகும் பாதை. ஒருவர் தோணியைச் சுமப்பார், மற்றவர் மூட்டையை. தோணி சுமப்பவர் நடுவழியில் நிற்பதில்லை. இறக்கினால் மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. இது எழுதாத சட்டம். ஓர் ஆகஸ்டு மாலையில் ஹில்கா தோணியின் கீழே நடந்துகொண்டிருந்தாள். இர்யா மூட்டையோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

“ஹில்கா, நில்லு… இங்க வந்து பாரு. இத்தனை பூவ ஒரே எடத்துல நான் பாத்ததே இல்ல.”

“தலைமேல தோணி இருக்குது தாயே. நீ பாத்துட்டு வா. நான் முன்னாடி போறேன்.”

அவ்வளவுதான் பேச்சு.

ஹில்கா கெண்டி ஏரிக் கரையில் தோணியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு பிடி பாசியின் முன்னால் மண்டியிட்டு உலகத்தை மறக்கிறவள் அக்காள், தாமதமானால் என்ன? நீலப்பழம் பறித்துத் தின்றாள். லூன் பறவை ஒன்று நீரில் மூழ்கியது. எங்கே எழும் என்று பார்த்தாள். அது எழவே இல்லை. அல்லது அவள் பார்க்காத பக்கம் எழுந்திருக்கும். வெளிச்சம் மஞ்சளாயிற்று. எழுந்து திரும்பி நடந்தாள்.

பாதை நடுவே மூட்டை நின்றுகொண்டிருந்தது. விழவில்லை, சரியவில்லை… வீட்டில் வைப்பது போல ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் தொப்பி. தொப்பியின்மேல், கயிற்றைச் சுற்றி வைத்த உருப்பெருக்கிக் கண்ணாடி. பக்கத்தில் பிணப்பூக்கள். அவற்றில் ஒன்று மட்டும் முகம் நிமிர்ந்து, தாடையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுத்து நின்றது.

இர்யா இல்லை.

போலீசார் வந்தார்கள், விமானம் வந்தது, நாய்கள் வந்தன. நாய்கள் மூட்டை இருந்த இடம்வரை ஓடிவந்தன. பிறகு ஒரு பக்கமும் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டன.

ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஹில்கா தனியாகப் போய்த் தேடினாள். அதற்கும் அடுத்த ஆண்டு, முழங்கை ஏரியின் துறையில் அவள் தோணியை இறக்கும்போது ஓஸ்மோ உடன் நின்றார்.

“அக்கா, வயசு அறுபது தாண்டிருச்சு. ஒன்னத் தனியாப் பாத்தா கரடியே பாவப்பட்டு சோறு போடும்.”

“போட்டா திங்கறேன். நீ போடற காப்பியவிட நல்லாத்தான் இருக்கும்.”

“வெளையாடாத. பெரியக்காவுக்கு ஒரு கல்லு நட்டுருவோம்க்கா. அம்மா அப்பா பக்கத்துல எடம் இருக்கு. பேர எழுதி ஒரு பூ வெச்சாத்தான் எனக்கும் மனசு ஆறும்.”

“கல்லுக்கு அடியில என்னத்த வெப்ப? தொப்பியவா? உள்ள யாருமே இல்லாத குழிக்குப் பக்கத்துல நின்னு நான் அழ மாட்டேன், ஓஸ்மோ. அவ அங்கேயே நின்னுட்டு இருப்பா, நாம இங்க பாட்டுப் பாடிட்டு இருப்பமா?”

ஓஸ்மோ கையை எடுக்கவில்லை. தோணியின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். அவர் விடாமல் பிடித்து நின்றது ஹில்காவுக்குத் தாங்கவில்லை.

“சரி. இதுதான் கடைசி. அவளக் கூட்டிட்டு வரேன்… இல்ல, அவளோட ஒரு எலும்பாவது கொண்டு வரேன். வெறுங்கையோட வந்தன்னா நீ சொன்ன மாதிரி கல்லு நட்டுக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

இரண்டு பேர் ஓட்டும் தோணியைத் தனியாள் ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முன்பலகையில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அதுதான் நடுவுக்குப் பக்கமாக இருக்கும். அப்போது தோணி முன்பின்னாகப் போகும், பின்முனையே முன்முனையாகிவிடும். ஆனால் ஆளில்லாத அந்த முனை தூக்கிக்கொள்ளும். காற்றடித்தால் காற்றாடிபோலச் சுற்றும். ஆகவே அங்கே, வெற்றுப் பலகையின் கீழே, ஒரு பெரிய கல்லை வைப்பார்கள். ஓர் ஆளுக்குப் பதிலாக ஒரு கல். துறையிலேயே தேடி, சிவப்பு ரேகை ஓடும் தட்டைக் கல் ஒன்றை ஹில்கா எடுத்து வைத்தாள்.

யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் அக்காளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவள், இப்போது அக்காளின் பலகையைப் பார்த்தே உட்கார வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் கண்ணெதிரே அந்த வெற்றுப் பலகை.

ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. துடுப்பு இறங்கும் ஓசை, சொட்டும் ஓசை, மறுபடி இறங்கும் ஓசை. ஒரு பக்கமே துடுப்புப் போடும் தனியாள், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மணிக்கட்டை வெளியே திருப்ப வேண்டும். இல்லையென்றால் தோணி வட்டமடிக்கும். ஹில்காவின் மணிக்கட்டு மாலைக்குள் வீங்கிவிட்டது.

நாணலருகே ஒரு நாரை நின்றது. “வலப்பக்கம், நாரை,” என்று அவள் உரக்கச் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. நாரை கழுத்தை மடக்கிக்கொண்டு பறந்தது. சதுப்பில் குடுவைச் செடிகள் வாயைத் திறந்து மழைநீரை ஏந்தியிருந்தன. ஒரு தும்பி அவள் முழங்காலில் வந்து உட்கார்ந்து, சிறிது தூரம் கூடவே பயணம் செய்து, பிறகு போயிற்று. அதன் பெயர் இர்யாவுக்குத் தெரிந்திருக்கும். ஹில்காவுக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்வதற்கு ஆள் இல்லாதபோது பார்ப்பது என்பது எவ்வளவு சிறிய காரியமாகிவிடுகிறது என்று அவள் அன்றைக்கு உணர்ந்தாள்.

சுமைவழிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கல்லைக் கரையில் போட்டாள். மூட்டையை முதலில் கொண்டுபோய் அக்கரையில் வைத்துவிட்டு வந்தாள். வழியில் பிணப்பூக்கள் நிறைய இருந்தன. அத்தனையும் தலை குனிந்து, அத்தனையும் வெள்ளையாக. குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

பிறகு தோணியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். நான் முதலில் சொன்ன மாலை ஏழு மணி அது. தோணிக்குள் தலை இருப்பவருக்கு இரண்டு பொருள்கள்தான் உண்டு: கால்முன்னே கிடக்கும் கொஞ்சம் தரை, அவருடைய மூச்சு. மூச்சு மரப்பலகையில் மோதித் திரும்பி வரும். பின்னால் யாரோ மூச்சு வாங்குவது போலிருக்கும். புதியவர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவார்கள். ஹில்கா புதியவள் அல்ல.

பாதி வழியில் அவள் கால்முன்னே ஒரு பூக்கூட்டம் வந்தது. அதில் ஒரு பூ நிமிர்ந்திருந்தது. தாடையில் கறுப்பு.

சற்று முன்பு இல்லை.

இன்னும் நான்கடி. அடுத்த கூட்டம். ஒன்று நிமிர்ந்திருந்தது… கறுப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை. விரல் ரேகை மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ஒரு பூ நிமிர்ந்து, கறுக்காமல், வெள்ளையாகவே ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

ஹில்கா தோணியை இறக்கினாள். தோள் தோலுரிந்தது தெரியவில்லை.

“இர்யா!”

அதுவரை எங்கோ பாடிக்கொண்டிருந்த பூங்குருவி பாட்டை நிறுத்தியது. ஈரப் பாசியின் வாசனை, தேவதாருவின் வாசனை. அவற்றுக்கு அடியில் மெல்லியதாக இன்னொன்று… ஏலக்காய். இர்யா எந்தப் பயணத்திலும் ஏலக்காய் ரொட்டி சுட்டு மூட்டையில் வைத்துக்கொள்வாள். ஹில்கா சுடுவதில்லை. அவள் மூட்டையில் இருந்தது கம்பு ரொட்டி.

இருட்டும்வரை புதர் புதராகத் தேடினாள். ஒன்றும் இல்லை.

அன்றிரவு தோணியைக் கெண்டி ஏரிக் கரைக்குச் சுமந்து சேர்த்துவிட்டு, அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டி, எதிரே விளக்கை வைத்தாள். அந்துப்பூச்சிகளை வரவழைக்க இர்யா செய்யும் வேலை அது. ஹில்காவுக்கு அவற்றின் பெயர்கள்கூடத் தெரியாது. ஆனாலும் அக்காளின் வேலை அந்தக் கரையில் ஓர் இரவாவது நடக்கட்டும் என்று நினைத்தாள். பூச்சிகள் வந்தன. சாம்பல் நிறச் சிறகை விலக்கினால் உள்ளே நெருப்பு நிறம் காட்டுபவை, மரப்பட்டை போன்றவை, மாவு போன்றவை. விரிப்பெல்லாம் நிரம்பின.

விரிப்பெல்லாம் அல்ல.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பூச்சியும் இல்லை. விளக்குக்கும் விரிப்புக்கும் நடுவே யாராவது அமர்ந்திருந்தால் அவருடைய நிழல் விழுமே, அந்த அளவு இடம். தலை, தோள்கள், சற்று முன்னே சாய்ந்த முதுகு. நிழல் விழவில்லை, வெளிச்சம் அங்கேயும் பளிச்சென்று இருந்தது. பூச்சிகள் மட்டும், அந்த இடத்தில் இருட்டாக இருப்பது போல, அதன் விளிம்புவரை வந்து ஒதுங்கி உட்கார்ந்தன.

ஹில்கா விளக்கை அணைக்கவில்லை. “நல்லாப் பாத்துக்க,” என்று மட்டும் சொன்னாள். விளக்கு தானாக எண்ணெய் தீர்ந்து அணையும்வரை தானும் உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று ஓஸ்மோ கேட்டதற்கு, கொசு கடித்தது என்று பதில் சொன்னாளாம்.

விடியும்போது உலகம் இல்லை. பனிமூட்டம். கையை நீட்டினால் விரல் மங்கியது. அவள் மறுபடி தேடினாள். எலும்பு இல்லை, பொத்தான் இல்லை, துணி இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். வெறுங்கையோடு திரும்ப வேண்டும். மூட்டையை முழங்கை ஏரிக் கரையில் வைத்துவிட்டு வந்து, தோணியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

பாதி வழியில் நின்றாள்.

தோணியை இறக்கவில்லை. சுமந்தபடியே நின்றாள். எந்தத் தோணிக்காரரும் செய்யாத காரியம்.

“நான் நிக்கறேன். நீ மெதுவாப் பாத்துட்டு வா,” என்றாள்.

தோள் எரிந்தது. கழுத்து நடுங்கியது. தோணிக்குள் அவள் மூச்சு மோதி மோதித் திரும்பி வந்தது. மூச்சை அடக்கினாள்.

திரும்பி வருவது நிற்கவில்லை.

“பாத்தாச்சா? வா, போலாம்,” என்றாள் ஹில்கா. நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, தோணிக்குக் கீழே இருப்பவரால் திரும்பிப் பார்க்கவும் முடியாது.

கரையில் தோணியை நீரில் இறக்கி, மூட்டையை நடுவில் வைத்து, முன்பலகையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, தள்ளிவிட்டாள். பனியில் எதிர்முனை கண்ணுக்குத் தெரியவில்லை. தோணி தன் பாட்டுக்கு நேராகப் போயிற்று. துடுப்பு இறங்கியது, சொட்டியது, இறங்கியது. நடு ஏரிக்கு வந்திருப்பாள். அப்போதுதான் தன் மணிக்கட்டைக் கவனித்தாள். அது வலிக்கவில்லை.

வலிக்கவில்லை, ஏனென்றால் அவள் அதைத் திருப்பவே இல்லை. இடப்பக்கம் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். தோணி வட்டமடித்திருக்க வேண்டும். அம்பு போலப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்தபடியாகக் கல் நினைவுக்கு வந்தது. சிவப்பு ரேகைக் கல். நேற்று மாலை கரையில் போட்டது. அதை அவள் எடுத்து வைக்கவில்லை. கல் அங்கேயே கிடக்கிறது… முனை தூக்கவில்லை. நீரைக் கிழித்துக்கொண்டு, தாழ்ந்து, நிதானமாகப் போகிறது.

அவள் துடுப்பை நிறுத்தினாள். அவள் துடுப்பிலிருந்து சொட்டுவது நின்றது.

வலப்பக்கம், எதிர்முனையில், சொட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

பனி அசைந்தது. விலகினாலும் விலகும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, தண்ணீரின் மேல், எதிரெதிரே. தலையை நிமிர்த்தினால் போதும். எதிரே இருப்பது தனக்கு முகம் காட்டி உட்கார்ந்திருக்கிறதா, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்து, வெற்றுப் பலகையாக இருந்துவிட்டால்? அந்த ஒரு பயம்தான் அவளுக்கு இருந்தது. வேறு பயம் இல்லை என்று பிறகு சொன்னாள். தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டு மறுபடி துடுப்புப் போட்டாள்.

சற்றுத் தொலைவு போனதும் துடுப்பை வலப்பக்கம் மாற்றிப் பிடித்தாள்.

மாற்றிப் பிடித்த பிறகுதான்… மாற்றச் சொன்னது யார் என்று நினைத்தாள்.

காதில் விழுந்ததா, தோளுக்குத் தெரிந்ததா? கடைசிவரை அவளால் சொல்ல முடியவில்லை. சொட்டும் ஓசை இப்போது இடப்பக்கம் கேட்டது.

“இடப்பக்கம்,” என்றாள் மெதுவாக, தலை நிமிராமல். “லூன். சத்தம் மட்டும்தான் வருது. ஆளக் காணோம்.”

துறையில் ஓஸ்மோ கோப்பையில் காப்பியோடு நின்றார். பனிக்குள்ளிருந்து தோணியின் முனை வந்து மணலைத் தொட்டது. அவர் ஓடிவந்து முனையைப் பிடித்துக்கொண்டார். அக்காள் தலை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“எறங்கு. வீடு வந்தாச்சு,” என்றாள்.

“யார்கிட்டக்கா பேசற?”

“ஒன்கிட்டதான். வழிய விட்டுத் தள்ளி நில்லு.”

ஓஸ்மோ தள்ளி நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு ஹில்கா எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினாள். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி, தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, வெறுங்கையாத்தான வந்திருக்க?”

“பாத்தாத் தெரியலியா? கல்லு நட்டுக்க, ஓஸ்மோ. இப்ப நடலாம்.”

பாரத்துக்கு வைத்த கல்லை எடுத்துப் போடலாம் என்று ஓஸ்மோ தோணிக்குள் குனிந்தார். கல் இல்லை. பனி, துடுப்புகள்மேலும் விளிம்புகள்மேலும் மூட்டைமேலும் முத்து முத்தாகப் பூத்திருந்தது. இர்யாவின் பலகை மட்டும் காய்ந்திருந்தது. கையை வைத்தார். இளஞ்சூடாக இருந்தது.

அவர் அதை அன்றைக்கு அக்காளிடம் சொல்லவில்லை.

செப்டம்பரில் கல் நட்டார்கள். ஹில்கா அழுதாள், பாடினாள், வந்தவர்களுக்கெல்லாம் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். ஏரிப்பக்கம் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தானியம் போட்டு, வரும் பறவைகளைப் பார்க்கிறாள். ஞாயிறுதோறும் கல்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வாரம் பார்த்த பறவைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வருகிறாள். “அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்,” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

தோணியை ஓஸ்மோ எனக்குக் கொடுத்துவிட்டார். முதல் நாள் இதே துறையில் அதைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டு, மூட்டை எடுக்கக் கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய் ஓஸ்மோவிடம் சொன்னேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்காகிட்ட சொல்லிராதீங்க,” என்றார். “அவ நிம்மதியா இருக்கா.”

நான் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

விளக்கு வைத்திருப்பவர் யார்? கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் அடியுங்கள்… அதோ. உள்ளே துடுப்பு இல்லை, மூட்டை இல்லை, கல்லும் இல்லை. மாலையில் நீங்களே எடுத்துக் காலி செய்தீர்கள். பின்பலகைப் பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

மற்றத் தோணிகளைக் கவிழ்த்து வைத்தேன். அதை மட்டும் எப்படிக் கவிழ்ப்பது? அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.